வீட்டில் பார்த்தது

சொந்த ஊர்ப் பக்கம் வேலை கிடைத்துத் திரும்பி வருகிறவளைப் பார்த்து ஊர் கேட்கிற முதல் கேள்வி, அங்கே என்ன ஆச்சு என்பதுதான். எதுவோ கெட்டுப்போனால்தான் ஆள் திரும்பி வருவாள் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. சின்னவளுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. பெரிய நகரத்தில், ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ஓட்டுவதைப் பார்த்துத் தேறினாரா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. அங்கே அவள் பத்தோடு பதினொன்று. பிறந்த ஊரை ஒட்டிய அலுவலகத்துக்குத் தலைமைத் தேர்வாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தாள். கிடைத்துவிட்டது. முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதைக் குறையில்லாமல் கழித்தால் நிரந்தரம். பள்ளி ஆண்டு முடிந்ததும் புருஷனும் மகளும் வந்துவிடுவார்கள். அதுவரைக்கும் அக்கா வீட்டு மாடி அறை.

அக்கா அந்த அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருந்தாள். அத்தான் தன் பங்குக்கு மாடிப்படியில் ஒரு பல்பு மாட்டியிருந்தார்.

"ஆபீசரம்மா இருட்டுல உருண்டு விழுந்தா அப்புறம் ஊர்ல யாரு யாருக்கு லைசென்ஸ் குடுக்கிறது?"

மச்சினியைக் கேலி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அத்தான் பிஸ்கட் தொழிற்சாலையின் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, முந்தின ஷிப்டு முடித்தவர்களை வீடு சேர்ப்பார். அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் கருகின சர்க்கரை வாசனை போகாது. பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். யாருக்கு எப்போது பிரசவம், யார் வீட்டில் மாமியார் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அக்காவுக்கு அவர் மூலமாகத்தான் தெரியும்.

அலுவலக மேலாளரை எல்லோரும் முத்திரையார் என்பார்கள். அலுவலக முத்திரையை மேஜையில் விடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். சாப்பிடப் போனாலும் அது கூடவே போகும். அதற்குக் காரணம் இருந்தது. சின்னவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி வகையறா என்று ஒருவர் விடாமல், வண்டியில் ஏறாமலே உரிமம் கொடுத்தவர். அதில் ஒரு சம்பந்தி ஒரு செருப்புக் கடைக்குள் காரை விட்டதும் விஷயம் வெளியே வந்தது, உரிமம் கொடுத்தவர் வேலையிழந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு முத்திரையாருக்கு உறவு என்ற சொல்லைக் கேட்டாலே கை சட்டைப் பைக்குப் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் அத்தானுக்கு அறுபது வயது நிறைந்தது. கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த வயதில் மறுபடியும் ஓட்டிக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள். சின்னவள் நேராக முத்திரையாரிடம் போய், வரப்போகிறவர் என் அக்கா வீட்டுக்காரர், நான் அந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறேன், நான் சோதிக்க முடியாது என்று சொன்னாள். அவருக்குப் பரம திருப்தி. வேறு ஊர் அலுவலகத்திலிருந்து ஒரு தேர்வாளரை வரவழைப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கையும்.

"அந்த ஆளைப் பத்தி நீங்க நல்லதும் பேசக்கூடாது, கெட்டதும் பேசக்கூடாது. வர்ற தேர்வாளரைப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கு நீங்க ஊமை. ஒரு வார்த்தை வெளியே வந்தாலும் உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் மேலே எழுத முடியாது."

சரி என்றாள். நல்ல விதி, நியாயமான விதி. தன் தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரிகூட இருந்தது அவளுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, வாடகை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்று பேரும் அத்தானின் பழைய காரில் கிளம்பினார்கள். அத்தான் ஓட்ட, அக்கா அவருக்கு இடப்பக்கம் முன்சீட்டில். சின்னவள் பின்னால். அக்கா ஏறி உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. மெதுவாகப் போங்க, வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். அத்தான் வேகத்தைக் குறைத்தார். ஒரு சைக்கிள் இடப்பக்கமாக உரசினாற்போல் கடந்து போனது. கொஞ்ச தூரம் போனதும், அந்தக் கடைக்குப் புதுசாய் போர்டு மாட்டியிருக்காங்க பாருங்க என்றாள். அத்தான் தலையைத் திருப்பிப் பார்த்தார், உடனே பிரேக்கை அழுத்தினார். கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வேன் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"பொண்டாட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஓட்டுறவனுக்கு ஹாரனே வேணாம்" என்று அத்தான் கண்ணாடியில் மச்சினியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

சின்னவளும் சிரித்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பதே பிழைப்பாய் இருந்தவள் அவள். சிரித்து முடிப்பதற்குள் சிரிப்பு வாயிலேயே உறைந்தது. அக்காவுக்கு வயிற்றைப் புரட்டுவதும், தலை சுற்றுவதும், போர்டு கண்ணில் படுவதும் எல்லாம் இடப்பக்கத்தில் ஏதாவது வரும்போதுதான். வலப்பக்கம் ஒரு லாரியே வந்தாலும் அக்கா வாயைத் திறக்கவில்லை.

வீடு திரும்பினதும் சின்னவள் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவேது? அத்தான் கேட்ட தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு இடப்பக்கமாகப் போய் அவர் தோளருகில் நின்றாள். அத்தான் பேப்பரை மடித்து, அண்ணாந்து, கொட்டாவி விட்டு, தண்ணி கேட்டேனே யாருக்காவது காது கேட்குதா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சாப்பிடும்போது தட்டில் வலப்பாதி காலியானது, இடப்பாதி அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் போடு என்றார். அக்கா கரண்டியோடு வந்து, போடுகிற சாக்கில் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். அவர் மிச்சத்தையும் சாப்பிட்டார். அக்கா அதைச் செய்த விதம், பல தடவை செய்து செய்து பழகின கை.

அன்று சாயங்காலம் சமையலறையில் அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது சின்னவள் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அத்தானுக்கு இடப்பக்கம் தெரியலை."

அக்காவின் கை நிற்கவில்லை. துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் சின்னவள்.

"போன வருஷம் மயக்கம்னு விழுந்தாரே, அப்பலேர்ந்து."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம என்ன? லைசென்ஸுக்குக் கண்ணு சர்டிபிகேட் வேணுமே. சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்தைப் படிங்கன்னாங்க. கடகடன்னு கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டாரு. இருபது வயசுக் கண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது." அக்கா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும்டி. இருட்டா இல்லை. அந்தப் பக்கமே அவருக்கு இல்லை. இல்லாத ஒண்ணை அவரு எப்படித் தேடுவாரு? எவனோ சுவத்தைத் தள்ளிக் கட்டிட்டான், எவனோ கண்ணு மண்ணு தெரியாம குறுக்கே வர்றான்னு ஊரைத் திட்டிக்கிட்டு இருக்காரு."

பஸ்ஸில் என்ன செய்கிறார் என்று சின்னவள் கேட்டாள். வாசல் பக்கம் நிற்கிற பெண்கள் குரல் கொடுப்பார்களாம். அண்ணே ஆளு, அண்ணே வண்டி என்று. பழக்கமாகிவிட்டதாம். அவர்களும் ஒன்றும் கேட்பதில்லை, அவரும் ஒன்றும் நினைப்பதில்லை.

"பஸ் நிறைய பொம்பளைங்க, அக்கா."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவளும் கத்தியிருப்பாள், சௌகரியமாய் இருந்திருக்கும்.

"மயக்கம் வந்து வீட்டோட கிடந்தாரே, அந்த மாசம் நீ இங்கே இல்லை. விடிஞ்சா எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு, போக இடமில்லாம, சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. கூப்பிட்டா என்னன்னுகூடக் கேக்க மாட்டாரு. ஒரு கேலி கிடையாது, ஒரு சண்டை கிடையாது. எனக்கு அந்தச் சம்பளம் வேணாம். அந்த மனுஷன் வேணும்."

"நாளைக்கே ஒருத்தி அந்த பஸ்ஸுக்கு அடியில—"

"குட்டி." வீட்டில் அவளுக்கு இன்னும் அந்தப் பேர்தான். "நீ வந்தது வேலைக்கு. வேலையை ஒழுங்காப் பாரு. வீட்டுல பார்த்ததை ஆபீஸுக்குக் கொண்டுபோகாதே. உன் ஆபீஸே அதைத்தானே சொல்லியிருக்கு?"

அதுதான் வினை. அக்கா சொன்னது பொய்யில்லை. வெளியூர்த் தேர்வாளரிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னால் விதியை மீறினவள் ஆவாள், சொந்தத்துக்காக இல்லை, சொந்தத்துக்கு எதிராக என்றாலும். சொல்லாமல் இருந்தால் விதிக்கு அடங்கினவள், நல்ல அதிகாரி, நல்ல தங்கை. அக்கா, அத்தான், முத்திரையார் மூன்று பேரும் மெச்சுவார்கள். சோதனைக்கு ஓட்டுகிற சாலை வட்டமோ ஆண்டாண்டாக மாறாத வட்டம். எங்கே நிறுத்தச் சொல்வார்கள், எங்கே திரும்பச் சொல்வார்கள் என்று ஊருக்கே மனப்பாடம். அத்தான் தேறிவிடுவார். அந்த நேரத்தில் இடப்பக்கம் யாரும் வராமல் இருந்தால் போதும்.

வட்டத்தை மாற்றிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தலைமைத் தேர்வாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அத்தான் வருகிற நாளைப் பார்த்து மாற்றினால் அதற்குப் பேர் என்ன? வாயால் சொல்லாமல் கையால் சொன்ன மாதிரிதான். புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்து, முதலில் அத்தானிடமே சொல்லிப் பார் என்றார். ஆம்பிளைக்குத் தைரியம் எப்போதும் தொலைவிலிருந்துதான் வரும். இருந்தாலும் அவர் சொன்னதும் சரிதான்.

சோதனைக்கு முந்தின சாயங்காலம் அத்தான் வாசலில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் போய் எதிரே நின்றாள், அவருக்குத் தெரிகிற பக்கமாக.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நில்லு நில்லு." பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி நிறுத்தினார். "நீ ஆபீஸ், நான் தேர்வுக்கு வர்ற ஆளு. நாளைக்கு முடியிறவரைக்கும் நமக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. காலையிலகூட நீ பஸ் பிடிச்சுப் போயிடு, என் வண்டியில ஏறாதே."

"அது இல்லை அத்தான். இது வேற."

"எதுவா இருந்தாலும் நாளைக்கு மத்தியானம். முன்னாடி இருந்தவன் கதை உனக்குத் தெரியுமில்ல? என்னால உனக்கு ஒரு சொல்லு வரக்கூடாது. மச்சினி சொல்லிக் குடுத்து மச்சான் பாஸாயிட்டான்னு ஒருத்தன் சொன்னா எனக்குச் சோறு செரிக்காது."

அவர் கேலி பேசவில்லை. முகத்தில் ஒரு பெருமை இருந்தது, அவளைப் பற்றின பெருமை. செருப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவின் இடப்புற நிலையில் தோள் இடித்தது. நிலையைத்தான் முறைத்தார். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சின்னவள் இரண்டடி எடுத்தும் வைத்தாள். கூடத்தில் அக்கா கையைப் புடவையில் துடைத்தபடி நின்றிருந்தாள்.  தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மாடிக்குப் போனாள்.

வெளியூர்த் தேர்வாளர் நல்ல மனிதர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், வேலையில் கண். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்திரையார் அவரைச் சின்னவளுக்கு அறிமுகப்படுத்திவிட்டு, இருவருக்கும் நடுவிலேயே நின்றுகொண்டார், காவல்காரர் மாதிரி. சாலை வட்டத்தின் படத்தை அவள் கையில் கொடுத்தாள். அவர் நன்றி சொன்னார். இதில் நான் கவனிக்கவேண்டியது ஏதாவது உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டார், சாலையைப் பற்றி. முத்திரையாரின் கை சட்டைப் பைக்குப் போனது. சின்னவள் இல்லை என்று தலையசைத்தாள். 

தேர்வாளரை ஏற்றிக்கொண்டு அத்தானின் தொழிற்சாலை பஸ் புறப்பட்டது. அவள் ஜன்னலருகில் நின்றாள். முற்றத்தில் வெள்ளைக் கோடுகளும் சிவப்புக் கூம்புகளும் வெயிலில் கிடந்தன. தேர்வுக்கு வந்த மற்றவர்கள் மரநிழலில் தங்களுக்குள் பயத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இந்நேரம் பாலத்தடி வளைவில் இருப்பார். இந்நேரம் பள்ளிக்கூடச் சுவர் ஓரம். இப்போது ஏதாவது சத்தம் வரும், யாராவது ஓடி வருவார்கள் என்று காது முழுக்கத் தெருவிலேயே இருந்தது. அலுவலக ஊழியர்கள் ஏதோ கேட்டார்கள், ஏதோ பதில் சொன்னாள். ஒருத்தனும் குறுக்கே வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா, யாராவது ஒருத்தன் பட்டும் படாமலும் வந்து தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா? இரண்டையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. பஸ் பூப்போல உள்ளே வந்து கோட்டுக்குள் நின்றது. வெளியூர்க்காரர் இறங்கி வந்து முத்திரையாரிடம், இந்த மாதிரிக் கை இப்போது ஏது, குலுங்காமல் கூட்டிக்கொண்டு வந்து விட்டார் என்றார். முற்றத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் குனிந்தார். முத்திரையார் பையிலிருந்து முத்திரையை எடுத்து, மையில் ஒற்றினார். மரநிழலில் இருந்தவர்கள் சும்மா கைதட்டினார்கள். அத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி, படிக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

சின்னவள் வெளியே போனாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது என்றுதான் பிற்பாடு நினைத்துக்கொண்டாள். ஆனால் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நேராகப் போகாமல் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, அத்தானுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, கை கொடுப்பதற்குக் கையை நீட்டினாள்.

அவர் எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கை அவர் தோளுக்குச் சாண் தூரத்தில் நீண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை. பேசவில்லை. முதலில் மரநிழலில் ஒருத்தி பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கைதட்டல் நின்றது. ஏன் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள் என்று புரியாமல் அத்தான் அதே சிரிப்போடு நின்றார்.

"எங்க மச்சினி எங்கே? கண்ணுலயே படலையே" என்றார். "இப்பப் பேசலாம்ல?"

வெளியூர்க்காரர் பேனாவை நிறுத்தினார். அவர் பார்வை நீட்டிய கைக்குப் போய், அத்தான் முகத்துக்கு வந்து, மறுபடியும் கைக்குப் போனது. எழுந்து மெதுவாக நடந்து வந்தார்.

"அண்ணே, தலையைத் திருப்பாம என் மூக்கைப் பாருங்க. என் கையில பேனா இருக்கு. எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

பேனாவை அத்தானுடைய இடப்பக்கம் பிடித்திருந்தார், ஆட்டினார்.

"எந்தப் பேனா?" என்றார் அத்தான்.

 அத்தான் அந்த அமைதியைக் கொஞ்சம் கேட்டார். அப்புறம் தலையை முழுசாகத் திருப்பினார். பேனா இருந்தது. அதற்குப் பின்னால் மச்சினி இருந்தாள், கை நீட்டியபடி.

"நீ எப்ப வந்தே?" என்றார். கேட்டு முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. கேள்விக்குப் பதில் அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது. சிரிப்பு மட்டும், போக வழி தெரியாமல், முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. அந்தக் கையை அவர் பிடிக்கவில்லை. அவளும் இறக்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்வையின் அகலத்தை அளந்து பார்த்த பிறகுதான் மேற்கொண்டு என்று வெளியூர்க்காரர் எழுதினார். முத்திரையார் முத்திரையைத் துடைத்துப் பைக்குள் போட்டார். சின்னவள் பக்கத்தில் வந்து நின்று, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

"நீங்க ஒண்ணும் பேசலை. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கை குடுக்கக் கூடாதுன்னு விதியில எங்கேயும் எழுதலை." கொஞ்சம் நிறுத்தி, "எழுதணும் போல இருக்கு" என்றார்.

அவர் மெச்சினாரா, மிரட்டினாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்கிற நிலையிலும் இல்லை.

பஸ்ஸைத் தொழிற்சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தானுடைய பழைய உரிமம் இன்னும் காலாவதியாகவில்லை. ஆனால் அவர் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். கனரக வண்டி அவளுக்கும் ஓட்டத் தெரியும். உரிமமும் உண்டு. அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார், பெண்கள் நின்று குரல் கொடுக்கிற வாசலுக்குப் பக்கத்தில். இரண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும், அழுத்திப் போடு என்றதோடு சரி. பாதி வழிவரைக்கும் ஒரு கையால் ஒரு கண்ணை மூடி, திறந்து, மறு கண்ணை மூடி, தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நேத்து சாயங்காலம் சொல்ல வந்தது இதானா?"

"ஆமா அத்தான்."

"நான்தான் வாயை அடைச்சேன்." கண்ணிலிருந்து கையை எடுத்து, "இருந்தாலும் அத்தனை பேர் முன்னாடி வேணுமா?" என்றார்.

 சாலையைப் பார்த்து ஓட்டினாள். ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவர் கேட்ட கேள்விக்குத்தான் அவள் அன்று முழுவதும் பயந்திருந்திருக்க வேண்டும், அது வரும் என்று தெரியாமலே.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் அக்காவைக் காட்டிக்கொடுத்தவள். தெரியாது என்றால், இத்தனை நடந்த பிறகு இன்னொரு பொய். பச்சை விழுந்தும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"சரி, எடு வண்டியை" என்றார் அத்தான். "சொல்லாதே. அவளுக்குத் தெரியும்கிறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அப்புறம் நான் கோவிச்சுக்கணும். அவகிட்ட கோவிச்சுக்கிட்டு நான் எங்கே போறது?"

தொழிற்சாலை வாசலில் ஷிப்டு முடித்த பெண்கள் தலையில் வலைத்தொப்பியோடு நின்றிருந்தார்கள். ஓட்டுகிற இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துத் தங்களுக்குள் இடித்துக்கொண்டார்கள். பாஸா அண்ணே என்றாள் ஒருத்தி. கண்ணுக்கு வைத்தியம் பார்க்கணுமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அத்தான் மேற்பார்வையாளரைத் தேடி உள்ளே போனார். அவர்கள் யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வாசலோரம் வழக்கமாய் நிற்கிற ஒருத்தி மட்டும் சின்னவளைப் பார்த்து, கண்ணால் ஒரு கும்பிடு போட்டாள். அது அவளுக்குச் சாட்டையடியைவிட மோசமாக இருந்தது.

இருவரும் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் வாய்க்கு உரிமம் எதற்கு? அக்கா வாசலில் நிற்கவில்லை. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலையில் இடிக்காமல், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உள்ளே போய், அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"நீ ஒரு வார்த்தை பேசலையாமே."

"பேசலை அக்கா."

"பேசியிருக்கலாம். பேசியிருந்தா நான் உன்னைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். ஊர் பார்க்க அவர் பக்கத்துல கையை நீட்டிக்கிட்டு நின்னியாமே, அதுக்கு நான் என்னன்னு திட்டுறது?"

சின்னவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. செய்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. சரி என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. அக்கா, சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்துக் குரலை இறக்கினாள்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"அவர் கேட்டாரா?"

 "கேக்கலை" என்றாள் சின்னவள்.

அக்கா நெடுமூச்சு விட்டாள். நம்பினாளா என்பது அவளுக்கும் சுவருக்கும் வெளிச்சம்.

"உன் வீட்டுக்காரரும் பொண்ணும் வந்தா மாடி ரூம் பத்தாது" என்றாள். "ஞாயித்துக்கிழமை பார்த்தோமே, அந்த வீடு நல்லாத்தான் இருந்துது. முன்கூட்டியே சொல்லி வெச்சுடு."

"சரி அக்கா."

"இந்த மாசக் கடைசியில போயிடு."

"சரி."

உள்ளே அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அக்கா இரண்டு தட்டுகளை எடுத்தாள், ஒன்றைத் திரும்ப வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யாரு கார் ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன். லீவு சொல்லிட்டேன்."

"அங்கே கூட்டம் அதிகமா இருக்கும்" என்றாள் அக்கா. "காலையில நேரத்தோட எழுந்திரு."